செங்கல்பட்டு கோட்டையை பிடித்த குமாஸ்தா! ராபர்ட் கிளைவ் வீரரா? கொள்ளைக்காரரா? 270 வருஷம் ஆகியும் ஓயாத சண்டை

சிங்கப்பெருமாள் கோவில்:-

தாம்பரத்தில் இருந்து மின்சார ரெயிலில் வருகிறவர்கள், சிங்கப்பெருமாள் கோவிலும் பரனூரும் தாண்டியதும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். ஏரியில் தண்ணி எவ்வளவு கிடக்கு என்று பார்க்கத்தான். அதுதான் கொளவாய் ஏரி.

அந்த ஏரியை காவலாக வைத்து கட்டியதுதான் செங்கல்பட்டு கோட்டை. விஜயநகர அரசர்கள் காலத்து கோட்டை. இன்றைக்கு மிச்சம் இருப்பது இடிந்த மதிலும் புதரும்தான். "கிளைவ் பிடிச்ச கோட்டை" என்று பெரியவர்கள் ஒரே வரியில் சொல்லி முடித்து விடுவார்கள்.

பள்ளிக்கூட பாடத்தில் கிளைவ் என்றால் ஆற்காடு, பிளாசி. அவ்வளவுதான். நடுவில் நம்ம கோவளமும் செங்கல்பட்டும் இருந்ததை பலர் மறந்தே போனார்கள்.

ஆனால் கிளைவை உலகம் மறக்கவில்லை. 2020-ம் ஆண்டு இங்கிலாந்தில், அவருடைய சொந்த மாவட்டத்திலேயே, "இந்த ஆள் சிலையை எடுங்கள்" என்று ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்து போட்டார்கள். செத்து இரண்டரை நூற்றாண்டு ஆன ஒருத்தர் மேல் இவ்வளவு கோபம் ஏன்? நம்ம ஏரியும் வயலும் அந்த கதையில் எங்கே வருகிறது? பார்ப்போம்.

வருஷத்துக்கு 5 பவுண்டு சம்பளம்

ராபர்ட் கிளைவ் பிறந்தது 1725-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந்தேதி. ஊர், இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டம், மார்க்கெட் டிரைட்டன் பக்கம்.

சின்ன வயசிலேயே ஆள் முரடு. ஊரில் பசங்களை சேர்த்துக்கொண்டு, "கண்ணாடி ஜன்னல் உடையாமல் இருக்கணும்னா காசு கொடு" என்று கடைக்காரர்களிடம் மாமூல் வாங்கியதாக ஒரு கதை அங்கே இன்றும் உண்டு.

அப்பா பார்த்தார். இவன் இங்கே இருந்தால் ஆகாது என்று கிழக்கிந்திய கம்பெனி வேலைக்கு சென்னைக்கு கப்பல் ஏற்றி விட்டார். 1744-ம் ஆண்டு ஜூன் மாதம் கிளைவ் சென்னை வந்து இறங்கினார். வயசு 18. வேலை? சிப்பாய் வேலை இல்லை, தளபதி வேலையும் இல்லை. கணக்கு எழுதும் குமாஸ்தா! வருஷத்துக்கு சம்பளம் 5 பவுண்டு.

வெயில், கடன், பேச ஆள் இல்லாத தனிமை. வாழ்க்கை வெறுத்து, ஜார்ஜ் கோட்டையில் துப்பாக்கியை தலையில் வைத்து இரண்டு தடவை சுட்டுக்கொள்ள பார்த்ததாகவும், இரண்டு தடவையும் வெடிக்கவில்லை என்றும் சொல்வார்கள்.

1746-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை பிடித்தார்கள். கிளைவ் இந்தியர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு கடலூருக்கு தப்பி ஓடினார். அங்கேதான் பேனாவை கீழே வைத்து துப்பாக்கியை எடுத்தார்.

நவாப் நாற்காலிக்கு அடிதடி

அப்போது ஆற்காடு நவாப் பதவிக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் சந்தா சாகிப். அவருக்கு பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். இன்னொருவர் முகமது அலி வாலாஜா. அவருக்கு பின்னால் ஆங்கிலேயர்கள்.

இந்த வாலாஜா பெயர் நமக்கு புதுசு இல்லை. காஞ்சிபுரம் போகிற வழியில் வாலாஜாபாத் இருக்கே... அது இவர் பெயர்தான். சென்னை வாலாஜா ரோடும் இவர் பெயர்தான். சேப்பாக்கம் அரண்மனை இவர் இருந்த வீடு.

1751-ம் ஆண்டு வாலாஜா திருச்சியில் மாட்டிக்கொண்டார். சந்தா சாகிப் படை சுற்றி வளைத்து நின்றது. "எதிரி படையை பிரிக்கணும்னா ஆற்காட்டை பிடிக்கணும்" என்று கிளைவ் சொன்னார். வெள்ளைக்காரர்கள் 200 பேர், நம்ம ஊர் சிப்பாய்கள் 300 பேர். இவர்களோடு சென்னையில் இருந்து கிளம்பி, காஞ்சிபுரம் வழியாக போய் ஆற்காடு கோட்டையில் நுழைந்தார்.

பிறகு சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் பெரும் படையோடு வந்து 50 நாள் முற்றுகை போட்டார். உள்ளே அரிசி குறைந்தது. அப்போது நம்ம சிப்பாய்கள் கிளைவிடம் போய், "சோறு வெள்ளைக்காரங்களுக்கு கொடுங்க, வடிச்ச கஞ்சி எங்களுக்கு போதும்" என்றார்களாம். ஆங்கிலேயர்கள் பெருமையாக எழுதி வைத்த கதை இது.

கதையில் எவ்வளவு உண்மையோ! ஆனால் ஒன்று கவனிக்கணும். பெயர் வாங்கியது கிளைவ். கஞ்சி குடித்தவர்களில் ஒருத்தர் பெயராவது நமக்கு தெரியுமா?

1752-ம் ஆண்டு திருச்சியில் பிரெஞ்சு படை சரண் அடைந்தது. சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டது. வாலாஜா நவாப் ஆனார்.

ஆனால் சென்னைக்கு தெற்கே இரண்டு கோட்டைகள் இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையிலேயே இருந்தன. ஒன்று கோவளம். இன்னொன்று செங்கல்பட்டு.

கோவளத்தில் நோயாளி நாடகம்

கோவளத்தை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த விதமே ஒரு சினிமா.

அங்கே கடற்கரையில் கோட்டை கட்டியவர் வாலாஜாவின் தந்தை அன்வருதீன். 1750-ம் ஆண்டு ஒரு பிரெஞ்சு கப்பல் அந்த கடலில் வந்து நின்றது. ஆபத்து என்று கொடி காட்டியது. நவாபின் ஆட்கள் படகில் போய் பார்த்தால், "பாதி பேர் நோயில் செத்துட்டாங்க, மிச்ச பேரும் சாக கிடக்கிறாங்க, கரையில இடம் கொடுங்க" என்று கெஞ்சினார்கள்.

கோட்டை அதிகாரி சம்மதித்தார். நல்ல காசு கிடைக்கும் என்ற ஆசையும் உண்டு. நோஞ்சான் ஆட்களாக பார்த்து 30 பேர் கோட்டைக்குள் வந்து படுத்தார்கள். துணிக்குள்ளே ஆயுதம்! ராத்திரி எழுந்து காவல்காரர்களை மடக்கி கோட்டையை பிடித்து விட்டார்கள்.

இப்போது அந்த கோட்டையை திரும்ப பிடிக்கணும். யாரை அனுப்புவது? சென்னையில் இருந்த படையை பார்த்து அனுபவம் உள்ள எந்த அதிகாரியும் முன்வரவில்லை. ஏன் என்றால், 200 வெள்ளைக்காரர்களும் அப்போதுதான் கப்பலில் இருந்து இறங்கியவர்கள். லண்டன் ஜெயிலிலும் தெருவிலும் பிடித்து அனுப்பப்பட்டவர்கள். 500 சிப்பாய்களும் புதுசாக சேர்த்தவர்கள். துப்பாக்கியை எப்படி பிடிப்பது என்றே பலருக்கு தெரியாது.

கிளைவுக்கு உடம்பு சரியில்லை. இருந்தும் "நான் போறேன்" என்றார். அப்போது வயசு 26.

கிணற்றுக்குள் ஒளிந்த காவல்காரர்

கோவளத்தில் முதல் நாளே மானம் போச்சு. முன்னால் போன பிரிவுக்கு தலைமை தாங்கிய லெப்டினன்ட் கூப்பர் குண்டடி பட்டு செத்தார். அவ்வளவுதான், மொத்த படையும் திரும்பி ஓட்டம் பிடித்தது. எதிரில் வந்த கிளைவ் அடித்து உதைத்துத்தான் அவர்களை திருப்பி கொண்டு போனார்.

இன்னொரு நாள் கோட்டையில் இருந்து வந்த பீரங்கி குண்டு ஒரு பாறையில் பட்டு தெறித்தது. கல் சிதறி 14 பேர் விழுந்தார்கள். மற்றவர்கள் வெகுநேரம் தலையையே தூக்கவில்லை. காவலுக்கு நின்ற ஒருவரை காணவில்லை. மணிக்கணக்காக தேடி கடைசியில் ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்கள்!

கிளைவ் என்ன செய்தார் தெரியுமா? ஆபத்தான இடத்தில் தானே போய் நின்றார். குண்டு வருகிற பக்கத்தில் அதிகாரி நிற்பதை பார்த்து பார்த்து, ஜெயில் பறவைகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக பயம் விட்டது. இதில் அவருடைய துணிச்சலை குறை சொல்ல முடியாது. எதிரிகளே ஒத்துக்கொண்ட விஷயம் அது.

கோட்டைக்குள் 50 வெள்ளைக்காரர்களும் 300 சிப்பாய்களும் இருந்தார்கள். சில நாளிலேயே பிரெஞ்சு அதிகாரி சரண் அடைந்தார். அவர் போட்ட ஒரே நிபந்தனை, "என் சொந்த சாமான்களை எடுத்துக்கிட்டு போக விடணும்." என்ன சாமான்? ஏகப்பட்ட வான்கோழியும் மூக்குப்பொடியும்! அதை வைத்து வியாபாரம் செய்து கொண்டிருந்தாராம் மனுஷன்.

உள்ளே போய் பார்த்தால் 50 பீரங்கிகள். பல, 1746-ல் சென்னையில் இருந்து பிரெஞ்சுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போன அதே பீரங்கிகள்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் ராபர்ட் ஓர்ம். சென்னை கம்பெனி சபையில் இருந்தவர், கிளைவுக்கு நண்பர். பிரெஞ்சுக்காரனை கேலியாகவும் நண்பனை வீரனாகவும் எழுதத்தான் செய்வார். அதையும் மனசில் வைத்துத்தான் படிக்கணும்.

செங்கல்பட்டில் 4 நாள் பீரங்கி அடி

கோவளம் விழுந்தது செங்கல்பட்டுக்கு தெரியாது. காப்பாற்ற போகிறோம் என்று செங்கல்பட்டில் இருந்து 700 சிப்பாய்களும் 40 வெள்ளைக்காரர்களும் கிளம்பி வந்தார்கள். கிளைவுக்கு தகவல் கிடைத்தது. வழியில் பதுங்கி இருந்து தாக்கினார். முதல் சுடுதலிலேயே 100 பேர் விழுந்தார்கள். 300 பேர் பிடிபட்டார்கள். மிச்சம் பேரை செங்கல்பட்டு கோட்டை வாசல் வரை துரத்தினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். விழுந்த 100 பேரும் யார்? பெரும்பாலும் சிப்பாய்கள். சுட்டவர்கள் யார்? அதிலும் பெரும்பாலானவர்கள் சிப்பாய்கள்தான். பாரிசுக்கும் லண்டனுக்கும் நடந்த தகராறில், நம்ம பக்கத்து ஏழைகள் இரண்டு பக்கமும் நின்று ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொண்டார்கள். கூலிக்கு!

செங்கல்பட்டு கோட்டை லேசுப்பட்டது இல்லை. ஒரு பக்கம் ஏரி. இன்னொரு பக்கம் முழுக்க நஞ்சை வயல், கால் வைத்தால் சேறு. அரை மைலில் பாலாறு. வெளி மதில், உள் மதில் என்று இரண்டு சுற்று. உள்ளே 40 வெள்ளைக்காரர்கள், 500 சிப்பாய்கள்.

கிளைவ் தண்ணி இல்லாத பக்கமாக பீரங்கியை நிறுத்தினார். முதலில் 500 கஜ தூரம், பிறகு 200 கஜ தூரம். 4 நாள் விடாமல் அடித்ததில் இரண்டு மதிலிலும் ஓட்டை விழுந்தது. ஆனாலும் அகழியை தாண்டணும். உள்ளே இருந்தவர்கள் மனசு வைத்திருந்தால் இன்னும் பல நாள் தாக்கு பிடித்திருக்கலாம்.

பிரெஞ்சு தளபதி, "ராணுவ மரியாதையோடு வெளியே போக விட்டால் கோட்டையை தருகிறேன்" என்று சொல்லி அனுப்பினார். கிளைவ் உடனே சரி என்றார். பிரெஞ்சு படை புதுச்சேரிக்கு நடையை கட்டியது. கோவளம் கோட்டை வெடி வைத்து தகர்க்கப்பட்டது. செங்கல்பட்டை மட்டும் ஆங்கிலேயர்கள் வைத்துக்கொண்டார்கள்.

அது எவ்வளவு பெரிய லாபம் என்று பின்னால்தான் தெரிந்தது. 1758-59ல் பிரெஞ்சு தளபதி லாலி சென்னையை முற்றுகை போட்டபோது, செங்கல்பட்டில் இருந்து கிளம்பிய படைதான் அவருடைய முதுகில் குத்திக்கொண்டே இருந்தது. அதில் முக்கியமான ஆள் நம்ம யூசுப்கான், அதாவது மருதநாயகம். 1780-ல் ஐதர் அலி வந்தபோது, காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் ஆங்கில படை நொறுங்கியது. தளபதி மன்றோ தப்பித்து ஓடி வந்த இடம் இதே செங்கல்பட்டுதான்.

படை சாப்பாட்டில் கமிஷன்

செங்கல்பட்டை பிடித்த சில மாதத்தில், 1753-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந்தேதி, ஜார்ஜ் கோட்டை புனித மேரி தேவாலயத்தில் கிளைவுக்கு கல்யாணம். பெண் பெயர் மார்கரெட். பிறகு இருவரும் ஊருக்கு கப்பல் ஏறினார்கள்.

அப்போது அவர் கையில் 40 ஆயிரம் பவுண்டு! வருஷம் 5 பவுண்டு சம்பளத்தில் வந்தவருக்கு இது எப்படி? படைக்கு அரிசி, மாடு, சாமான் சப்ளை செய்யும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அதில் கமிஷன். அந்த காலத்தில் அது சட்டப்படி தப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு சண்டையும் அவருக்கு வருமானம் என்பதும் பொய் இல்லை.

ஒரு நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். கம்பெனி அவருக்கு வைரம் பதித்த வாள் பரிசு கொடுத்தது. "எனக்கு மேல் அதிகாரி லாரன்சுக்கும் கொடுத்தால்தான் வாங்குவேன்" என்று சொல்லி விட்டார். லாரன்சுக்கும் கிடைத்தது.

வங்காளத்தில் விலை பேசிய வெற்றி

கிளைவ் திரும்பி வந்தார். 1756-ல் வங்காள நவாப் சிராஜ் உத் தவுலா கல்கத்தாவை பிடித்தார். மீட்க சென்னையில் இருந்து கப்பல் போனது. அதில் 900 வெள்ளைக்காரர்களும் 1,500 சிப்பாய்களும் இருந்தார்கள். ஆமாங்க, வங்காளத்தை பிடித்த படை கிளம்பியது நம்ம கரையில் இருந்துதான்.

1757-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதி பிளாசி சண்டை. நவாபிடம் சுமார் 50 ஆயிரம் பேர். கிளைவிடம் சுமார் 3 ஆயிரம் பேர். கிளைவ் பக்கத்தில் செத்தவர்கள் இருபத்து சொச்சம் பேர்தான். இது என்ன மாயம் என்றால்... நவாபின் தளபதி மீர் ஜாபர் ஏற்கனவே விலை பேசப்பட்டவர். அவர் படை கையை கட்டிக்கொண்டு நின்றது.

இந்த பேரத்தில் அமீர்சந்த் என்ற வியாபாரியும் இருந்தார். "எனக்கும் பங்கு எழுதி கொடுங்க, இல்லைன்னா சொல்லிடுவேன்" என்று மிரட்டினார். கிளைவ் இரண்டு ஒப்பந்தம் தயார் செய்தார். ஒன்று அசல், அதில் வியாபாரி பெயர் இல்லை. இன்னொன்று போலி. போலியில் கையெழுத்து போட கடற்படை தளபதி வாட்சன் மறுத்தார். அவர் கையெழுத்தையும் போட வைத்து வேலையை முடித்தார்கள். இன்றைக்கு பத்திர ஆபீசில் இதை செய்தால் என்ன கேஸ் என்று சொல்ல வேண்டியதில்லை.

மீர் ஜாபர் நவாப் ஆனதும் கிளைவுக்கு கிடைத்த தொகை 2 லட்சத்து 34 ஆயிரம் பவுண்டு. அதுக்கு மேல் வருஷத்துக்கு 27 ஆயிரம் பவுண்டு வருமானம் வரும் ஜாகீர்.

1765-ல் மொகலாய பாதுஷா ஷா ஆலமிடம் இருந்து வங்காளம், பீகார், ஒரிசாவில் வரி வசூலிக்கும் உரிமையை வாங்கினார். பாதுஷாவுக்கு வருஷம் 26 லட்சம் ரூபாய். மிச்சம் கம்பெனிக்கு. ஐந்து வருஷத்தில் வங்காளத்தில் கொடும் பஞ்சம். ஒரு கோடி பேர் வரை செத்தார்கள் என்பது கணக்கு. பஞ்சம் வந்த 1770-ல் கிளைவ் இந்தியாவில் இல்லை, 1767-லேயே போய் விட்டார். மழை பொய்த்ததற்கு அவர் காரணம் இல்லை. ஆனால் சாகிற ஊரிலும் வரியை கறந்த ஏற்பாடு அவர் போட்டது.

நம்ம நிலம் கை மாறிய கதை

வங்காள கதை எல்லோருக்கும் தெரியும். நம்ம கதைதான் தெரியாது.

வாலாஜா நவாப் ஆனாரே, சண்டைக்கு யார் செலவு செய்தது? கம்பெனி. அந்த கணக்கு நவாப் தலையில் கடனாக ஏறிக்கொண்டே போனது. 1763-ல் அவர் சென்னையை சுற்றி இருந்த செங்கல்பட்டு சீமையை கம்பெனிக்கு ஜாகீராக எழுதி கொடுத்தார். பாதுஷாவிடம் இருந்து அதுக்கு ஒப்புதல் வாங்கியது 1765-ல். வாங்கி கொடுத்தவர் அதே கிளைவ்.

ஆக, 1752-ல் "நவாபுக்காக" பிடித்த கோட்டை, 11 வருஷத்தில் சுற்றி இருந்த ஊர்களோடு கம்பெனி கைக்கு போனது. கம்பெனி உடனே கணக்கு எடுக்க ஆரம்பித்தது. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற எஞ்சினியர் சுமார் 2 ஆயிரம் கிராமங்களை அளந்தார். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நஞ்சை, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாம்.

அந்த வருமானத்தில் ஊர் ஏரி, கால்வாய்க்கும், தலையாரி, கொல்லர், தச்சருக்கும் பங்கு ஒதுக்கும் பழக்கம் இருந்தது பர்னார்டு கணக்கிலேயே தெரிகிறது. கம்பெனி பார்வை வரி பக்கம் மட்டுமே. 1780-ல் ஐதர் அலி படையெடுப்பில் இந்த சீமை பாழானது. பின்னாலேயே பஞ்சம். சென்னையில் 1782-ல் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் திறந்தார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்றைக்கும் வடசென்னையில் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்று சொல்வது அந்த சத்திரத்தால்தான்.

"ராஜாக்களும் நவாபும் மட்டும் யோக்கியமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நவாபும் வரி வாங்கினார், அவர் ஆட்களும் அடித்து பிடுங்கினார்கள். வித்தியாசம் ஒன்றுதான். அந்த பணம் இங்கேயே சேப்பாக்கத்திலும் ஆற்காட்டிலும் சுற்றியது. இது கப்பல் ஏறியது.

பார்லிமெண்டில் விசாரணை

இங்கிலாந்திலேயே கிளைவை திட்டினார்கள். இந்தியாவில் கொள்ளை அடித்து பணக்காரன் ஆகி வருகிறவர்களுக்கு "நபாப்" என்றே பட்டப்பெயர். நம்ம நவாப்தான் அவர்கள் வாயில் அப்படி ஆனது.

1772, 73-ல் பார்லிமெண்டில் விசாரணை நடந்தது. "எவ்வளவோ எடுத்திருக்கலாம், இவ்வளவோடு விட்டேனே என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது" என்ற மாதிரி கிளைவ் அங்கே பேசியது பிரபலம். 2 லட்சத்து 34 ஆயிரம் பவுண்டு வாங்கியது உண்மை என்று சபை தீர்மானம் போட்டது. அதே சபை, "நாட்டுக்கு பெரிய சேவை செய்தார்" என்றும் தீர்மானம் போட்டு விட்டு விட்டது!

ஆனால் மனுஷனுக்கு நிம்மதி இல்லை. வயிற்று வலி, அபின் பழக்கம், மன உளைச்சல். 1774-ம் ஆண்டு நவம்பர் 22-ந்தேதி லண்டன் வீட்டில் செத்து கிடந்தார். வயசு 49. தற்கொலை என்றே பரவலாக நம்பப்பட்டது. சொந்த ஊர் பக்கம் மார்ட்டன் சே தேவாலயத்தில், எந்த இடம் என்று அடையாளம்கூட வைக்காமல் புதைத்தார்கள்.

மகன் காலத்தில் கட்டபொம்மன் தூக்கு

அப்பாவோடு கதை முடியவில்லை. கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர்.

வீரபாண்டிய கட்டபொம்மன் படத்தை பார்த்தவர்களுக்கு ஜாக்சன் துரையை தெரியும், பானர்மேனை தெரியும். அப்போது சென்னையில் கவர்னர் நாற்காலியில் யார்? இந்த எட்வர்ட் கிளைவ்தான். 1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ந்தேதி கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கு, 1801-ம் ஆண்டு அக்டோபர் 24-ந்தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கு... இரண்டும் இவர் ஆட்சியில்.

1801 ஜூலை 31-ந்தேதி ஆற்காடு நவாபின் ஆட்சி முழுவதையும் கம்பெனிக்கு எழுதி வாங்கியதும் இவர்தான். அப்பா எந்த குடும்பத்துக்கு நாற்காலி பிடித்து கொடுத்தாரோ, அதே குடும்பத்திடம் இருந்து மகன் நாற்காலியை எடுத்துக்கொண்டார்.

சென்னை அண்ணா சாலை பக்கம் இருக்கும் ராஜாஜி மண்டபமும் இவர் கட்டியதுதான். பிளாசியில் அப்பா ஜெயித்ததையும், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்ததையும் கொண்டாட கட்டிய விருந்து மண்டபம் அது. அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று நம்ம தலைவர்களின் உடல்கள் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டதும் அங்கேதான்.

திப்புவின் கூடாரம் உள்பட இந்த குடும்பம் சேர்த்த இந்திய பொருட்கள் வேல்ஸ் நாட்டில் போவிஸ் கோட்டையில் காட்சிக்கு இருக்கின்றன.

சிலை: எடுப்பதா, வைப்பதா?

கிளைவுக்கு இங்கிலாந்தில் இரண்டு முக்கிய சிலைகள். ஷ்ரூஸ்பரி ஊரில் 1860-ல் வைத்தது ஒன்று. லண்டனில் அரசு அலுவலகங்களுக்கு நடுவில் இருப்பது இன்னொன்று. 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் செத்த பிறகு, பழைய காலனி ஆட்கள் சிலைகள் மேல் கோபம் திரும்பியது. ஷ்ரூஸ்பரி சிலையை எடுக்க கோரி மனு போனது. அந்த ஆண்டு ஜூலையில் கவுன்சில் ஓட்டெடுப்பு நடத்தியது. "எடுக்க வேண்டாம்" என்று முடிவானது.

சிலை சண்டையில் நாம் அவர்களுக்கு முன்னோடி. 1857-ல் வடக்கே அலகாபாத், கான்பூரில் கொத்து கொத்தாக மக்களை தூக்கில் போட்ட சென்னை படை அதிகாரி நீல். அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. அதை எடுக்க சொல்லி 1927-ல் சத்தியாகிரகம் நடந்தது. பலர் ஜெயிலுக்கு போனார்கள். காமராஜருக்கும் அந்த போராட்டத்தில் பங்கு உண்டு. 10 வருஷம் கழித்து, 1937-ல் ராஜாஜி அரசு வந்த பிறகு சிலை எழும்பூர் மியூசியத்துக்கு போனது. உடைக்கவில்லை, ஒளிக்கவில்லை. ரோட்டில் இருந்து எடுத்து, பார்க்க வேண்டியவர்கள் போய் பார்க்கும் இடத்தில் வைத்தார்கள். நம்ம கருத்தில் அதுதான் சரியான வழி.

கிளைவ் சம்பந்தப்பட்ட இடங்களை பார்க்க விரும்புகிறவர்கள் லண்டன் போக வேண்டியதில்லை. சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் "கிளைவ் மாளிகை" இருக்கிறது. பக்கத்திலேயே அவர் கல்யாணம் நடந்த தேவாலயம். ராயபுரம் பக்கம் "கிளைவ் பேட்டரி" என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் உள்ளது.

கோவளத்தில் மீன்பிடி படகுகள் நிற்கும் கடற்கரை ஓரம், பழைய கோட்டை இருந்ததாக சொல்லப்படும் பக்கத்தில் இப்போது நட்சத்திர ஓட்டல் இருக்கிறது. "டச்சுக்காரர் கோட்டை" என்று அங்கே சொல்வார்கள். ஆனால் 1752-ல் கிளைவ் பீரங்கி வைத்து அடித்தது அன்வருதீன் நவாப் கட்டிய கோட்டையை.

செங்கல்பட்டு கோட்டைக்கு, சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ரெயிலில் போனால் இரண்டாவது ஸ்டேஷன். ஏரி நிறைந்திருக்கும்போது போனால், கிளைவ் ஏன் தண்ணி இல்லாத பக்கமாக பீரங்கியை நிறுத்தினார் என்பது பார்த்த உடனே புரியும்.